வாங்கிய படம் யாருக்குச் சொந்தம்?

திருச்சிராப்பள்ளியிலிருந்து நம் நேயர் ஒருவர் எழுதியனுப்பிய கடிதம் ஒரு வாரமாக நமது மேஜையின்மீது கிடக்கிறது. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் பணம் செலவிட்டு அவர் வாங்கிய சினிமாத் தட்டுகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றனவாம். வீடு மாறும் இச்சமயத்தில் அவற்றைப் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டுமென்று அவருடைய குமாரர் வற்புறுத்துகிறாராம். மாதச் சந்தா கட்டினால் ஆயிரக்கணக்கான படங்கள் வீட்டுச் சுவரிலேயே வந்து ஓடுகிற காலத்தில் இந்தப் பிளாஸ்டிக் மூட்டையைச் சுமப்பது மூடத்தனமல்லவா என்பது குமாரரின் கட்சி. தகப்பனாருக்கோ மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதற்குத் தக்க நியாயம் சொல்லவும் அவரால் இயலவில்லை. "தாங்கள் வக்கீல் தொழில் பார்த்தவராயிற்றே, எனக்காக வாதாடலாகாதா?" என்று கேட்டிருக்கிறார். வக்காலத்தை ஏற்றுக்கொள்ளுகிறோம், பீஸ் வேண்டாம்.

எதிர்க்கட்சியின் பலத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஓ.டி.டி. என்று ஜனங்கள் வழங்கும் இந்தச் சந்தா ஸ்தாபனங்கள் செய்திருக்கும் சௌகரியம் கொஞ்சமல்ல. சினிமாக் கொட்டகையே இல்லாத கிராமத்தில் ஒரு வாலிபன் கைபேசியில் ஈரான் தேசத்துப் படத்தையும் கொரியா தேசத்துப் படத்தையும் பார்த்து அபிப்பிராயம் சொல்லுகிறான். மலையாளப் படங்களின் மேன்மையை நம் வீட்டுப் பெண்மக்கள் அறிந்ததும் இவற்றின் வாயிலாகவே. நமது காரியாலயத்திலும் சந்தா கட்டியே வருகிறோம். ஆகையால் இவ்வசதியை இகழ்ந்து பேச நமக்கு யோக்கியதை இல்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: பணம் கொடுத்தவனுக்கு என்ன பாத்தியதை கிடைக்கிறது?

தட்டுகளின் பூர்வோத்தரத்தையும் சுருக்கமாகச் சொல்லுவோம். டி.வி.டி. என்பது 1996-இல் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதே பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் 2006-இல் ப்ளூ-ரேயும், 2016-இல் 4கே தட்டும் வந்தன. நமது தேசத்தில் மோஸர் பேயர் என்ற கம்பெனி வீ.சி.டி. ஒன்று 28 ரூபாய், டி.வி.டி. ஒன்று 34 ரூபாய் என்று விற்கத் துணிந்த பிறகே தட்டு ஏழை எளியவர் வீட்டில் நுழைந்தது. அந்தக் கம்பெனியைக் கலைத்துவிடும்படி 2018-இல் உத்தரவாயிற்று. நம் தமிழ்நாட்டிலோ தட்டுக்கு வேறொரு பழிச்சொல்லும் சேர்ந்துகொண்டது. 'திருட்டு வி.சி.டி.' என்ற தொடரை அறியாத குழந்தையும் இல்லை; அத்தொழில் செய்தோரைக் குண்டர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர 2004-இல் சட்டத்தையே திருத்தினார்கள். தட்டு என்றதும் நம்மவர்க்குப் பர்மா பஜார் ஞாபகம் வருகிறதேயன்றிப் புத்தக அலமாரி ஞாபகம் வருவதில்லை. நேயரின் குமாரர் பேசும் பேச்சில் இந்தப் பழியின் வாடையும் சற்று இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

வெளிதேசங்களிலும் கடைகள் மூடப்பட்டு வருகின்றன. 1998 முதல் தபால் உறையில் தட்டுகளை அனுப்பிப் பெயரெடுத்த நெட்பிளிக்ஸ் கம்பெனியே 2023 செப்டம்பர் 29-ஆம் தேதி கடைசி உறையை அனுப்பிவிட்டு அவ்வியாபாரத்திற்கு முழுக்குப் போட்டது. பெஸ்ட் பை என்னும் பெரிய அமெரிக்கக் கடை 2024-இல் படத்தட்டு விற்பனையை நிறுத்திற்று. அவ்வாண்டின் முடிவில் எல்.ஜி. கம்பெனி ப்ளூ-ரே கருவிகள் செய்வதை விட்டொழித்தது. ஆயினும் வேறொரு செய்தியும் உண்டு. 2023 நவம்பரில் 'ஓப்பன்ஹைமர்' படத்தின் 4கே தட்டு வெளிவந்தபோது, சில நாட்களுக்குள் பல கடைகளில் கையிருப்புத் தீர்ந்துபோயிற்று. சந்தா ஸ்தாபனம் எதுவும் வந்து திருடிக்கொண்டு போகாதபடி தட்டை வாங்கி வீட்டு அலமாரியில் வையுங்கள் என்று அப்படத்தின் டைரக்டர் கிறிஸ்டபர் நோலன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழிலில் உச்சியிலுள்ள ஒருவர், தம் தொழிலின் புதிய எஜமானர்களைக் குறித்து இவ்விதம் பேசுவாரானால் அதற்குக் காரணம் இருக்கத்தான் வேண்டும்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. நிலத்தைக் கிரயத்திற்கு வாங்குவதற்கும் குத்தகைக்கு எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் நாட்டில் எழுத்தறியாத குடியானவனுக்கும் தெரியும். குத்தகையிலும் மிராசுதாரின் மனம் போனபடி என்றைக்கு வேண்டுமானாலும் வெளியேற்றக்கூடிய குத்தகையென்றால், அதில் கிணறு வெட்டவோ தென்னை வைக்கவோ எவனும் துணியான். சந்தாப் படம் அத்தகைய குத்தகைதான். சந்தா என்று பெயர் சொல்லியே வாங்குகிறபடியால் அதில் மோசடி இருப்பதாக நாம் கூறவில்லை. நமது ஆக்ஷேபம் வேறிடத்தில் இருக்கிறது. ஆப்பிள், கூகிள், அமேசான் ஆகிய கம்பெனிகள் சந்தாவுக்குப் புறம்பாகத் தனிப்படங்களையும் விலைக்கு விற்கின்றன. அங்கே 'வாங்குக' என்றுதான் பொத்தானில் எழுதியிருக்கிறது. வாடகைக்கு ஒரு தொகை, வாங்குவதற்கு அதைவிட அதிகமான தொகை. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அதிகம் கொடுப்பவன் தான் கிரயம் செய்துகொண்டதாகத்தானே நினைப்பான்? 2020-இல் கலிபோர்னியாவில் வாடிக்கையாளர் ஒருவர் இது பற்றி வழக்குத் தொடுத்தபோது, விற்கப்பட்டது படமல்ல, பார்ப்பதற்குரிய வரம்புக்குட்பட்ட அனுமதிதான் என்று அமேசான் கம்பெனியே வாதாடியது. கிரயப் பத்திரம் என்று தலைப்பிட்டு உள்ளே குத்தகைச் சீட்டு எழுதிக்கொடுத்தவனை நம் ஊர்ப் பஞ்சாயத்தில் என்ன சொல்லுவார்கள் என்பதை நேயர்களே யூகித்துக்கொள்ளலாம்.

இவ்விஷயத்தில் அமெரிக்க நியாயஸ்தலத்தின் பழைய தீர்ப்பொன்று நமக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு புத்தகக் கம்பெனி தன் நாவலின் முகப்பில், ஒரு டாலருக்குக் குறைத்து எவரும் இதை விற்கலாகாது என்று அச்சிட்டது. நியூயார்க்கில் மேஸி கடையை நடத்திவந்த ஸ்ட்ராஸ் சகோதரர்கள் 89 சென்டுக்கு விற்றார்கள். கம்பெனி வழக்காடியது. ஒரு முறை விற்றுவிட்ட பிறகு அந்தப் பிரதியின்மீது உனக்கு அதிகாரமில்லை என்று 1908-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. நாம் படித்து முடித்த புத்தகத்தை நண்பருக்குக் கொடுக்கவும், பழைய புத்தகக் கடையில் விற்கவும், மகனுக்கு விட்டுச் செல்லவும் உள்ள சுதந்திரத்தின் ஆணிவேர் இக்கொள்கையில் இருக்கிறது. தட்டுக்கும் அங்கே இதே விதிதான். ஆனால் பாட்டுகளைக் கம்ப்யூட்டர் கோப்பாக வாங்கியவர்கள் அவற்றை மறுவிற்பனை செய்ய வழிசெய்த ரீடிஜி என்ற கம்பெனி 2018-இல் அப்பீலிலும் தோற்றது. கோப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதென்றால் அங்கே புதிதாக ஒரு பிரதி எடுப்பதாகிறது என்பது நீதிபதிகளின் நியாயம். அந்த நியாயம் சரியோ தவறோ, அதன் பலன் என்னவென்றால், கையால் தொடக்கூடிய பொருளை வாங்கியவனுக்கு உள்ள உரிமை, தொட முடியாத பொருளை அதே விலைக்கு வாங்கியவனுக்கு இல்லை.

கலிபோர்னியா சட்டசபையார் இதைக் கண்டுகொண்டார்கள். 2025 ஜனவரி 1 முதல் அமுலில் உள்ள அவர்களுடைய சட்டப்படி, கொடுப்பது அனுமதி மாத்திரமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லைக் கம்பெனிகள் உபயோகிக்கலாகாது. சொல்லுக்கு நேர்மை கிடைத்ததேயன்றிப் பொருளுக்குப் பாத்தியதை கிடைத்துவிடவில்லை. எனினும் அந்த அளவும் நம் தேசத்தில் இல்லை.

நம் தேசத்துச் சட்டத்தின் போக்கைச் சொல்லாமல் விட்டால் நாம் ஒருதலையாகப் பேசியவராவோம். வெளிநாட்டு டி.வி.டி.களை வரவழைத்து வாடகைக்கு விட்ட தில்லிக் கடை ஒன்றின்மீது வார்னர் பிரதர்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கில், முதல் விற்பனையோடு உரிமை தீர்ந்துபோகும் என்ற கொள்கை நம் சட்டத்தில் சினிமாப் படங்களுக்குச் செல்லாது என்று 2009-இல் தில்லி ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. அதற்கு இடங்கொடுத்த வாசகத்தைப் பார்லிமெண்டார் 2012-இல் மாற்றினார்கள். விற்பனையும் வியாபார ரீதியான வாடகையுமே இப்பொழுது படத்தின் உரிமையாளரைச் சேர்ந்தவை. லாப நோக்கமில்லாத நூல்நிலையமும் கல்விச்சாலையும் முறைப்படி பெற்ற தட்டை இரவல் கொடுப்பது அந்த வாடகையில் சேராது என்று அதே திருத்தம் கூறுகிறது. பழைய தட்டை விற்பது பற்றி வக்கீல்கள் இன்னும் சில காலம் வாதாடிச் சம்பாதிக்கலாம். ஆனால் நூல்நிலையம் இரவல் கொடுக்கலாம் என்பதில் வாதத்திற்கே இடமில்லை. இந்த ஷரத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

சட்டம் எப்படியிருந்தாலும் நடைமுறையில் எந்தக் கம்பெனியாவது விற்ற பொருளைப் பிடுங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பிடுங்கியிருக்கிறது. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லையென்ற காரணத்தால், விலைகொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் கம்பெனி இரவோடிரவாக அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிறகு மன்னிப்பும் கேட்டது. அந்நாவல்களில் ஒன்று, சர்க்கார் பழைய பத்திரிகைகளைத் திருத்தியும் எரித்தும் சரித்திரத்தை மாற்றுகிற கதை என்பதை நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 2022-இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸோனி பிளேஸ்டேஷன் கடையில் வாங்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்கள், படக்கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் மாறியதால் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து எடுக்கப்படும் என்று அறிக்கை வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளுக்கும் அதே கதி என்று அறிவித்து, ஜனங்கள் கூச்சலிட்டபின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து நிறுத்திவைத்தார்கள். கூச்சலுக்குப் பலன் இருந்தது மகிழ்ச்சியே. ஆனால் சொந்தப் பொருளை வைத்துக்கொள்ள ஒருவன் ஏன் கூச்சலிட வேண்டும்?

சந்தாப் படங்களின் கதை இதைவிடக் கேவலம். டிஸ்னி கம்பெனி 'கிரேட்டர்' என்ற படத்தை 2023 மே 12-இல் தன் சந்தாதாரர்களுக்கு வெளியிட்டு, ஜூன் 30-இல் எடுத்துவிட்டது. ஏழே வாரம்! கொட்டகையிலும் ஓடாத படம் அது. எத்தனையோ பேர் உழைத்துச் செய்த ஒரு படம், கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் பற்றுவரவு நேராவதற்காக மறைந்தது. சில மாதங்களுக்குப் பின் வேறு வழியில் விலைக்கு வந்தது என்பது உண்மை. வராமலே போயிருந்தாலும் கேட்பாரில்லை என்பதும் உண்மை.

மறைப்பதை விடத் திருத்துவது அபாயம். 1971-இல் வெளிவந்து அவ்வாண்டின் சிறந்த படமென்று ஆஸ்கார் பரிசு பெற்ற 'தி பிரெஞ்ச் கனெக்ஷன்' படத்தில், கதாநாயகனாகிய போலீஸ்காரன் கறுப்பரை இழிவாகப் பேசும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் போலீஸ்காரனின் குணத்தைக் காட்டுவதற்காகவே வைத்த பேச்சு அது. 2023-இல் அமெரிக்காவில் இப்படத்தைச் சந்தா வழியாகப் பார்த்தவர்கள் அப்பகுதி வெட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். முன்னறிவிப்பு ஏதுமில்லை, படத்தின் தலைப்பில் ஒரு குறிப்புமில்லை. பழைய தட்டு வீட்டில் இருந்தவர்கள் எடுத்துப் போட்டுப் பார்த்துத்தான் வெட்டு நேர்ந்திருப்பதை நிச்சயப்படுத்த முடிந்தது. அந்தத் தட்டுகள் ஒன்றுமே இல்லாதிருந்தால், தாம் கண்டதாக நினைத்த காட்சி கனவோ என்று அவர்களே ஐயுற்றிருப்பார்கள். இழிசொல்லுக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் ஒரு காலத்து ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்ற சாட்சியத்தை, யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து கத்தரித்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் இருப்பதற்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நம் வீட்டு விஷயத்திற்கே வருவோம். 'அன்னபூரணி' என்ற தமிழ்ப்படம் தணிக்கைக் குழுவின் அனுமதி பெற்று 2023 டிசம்பர் 1-இல் கொட்டகைகளில் வெளியாயிற்று. அம்மாத முடிவில் நெட்பிளிக்ஸில் வந்தது. சிலர் தங்கள் மத உணர்ச்சி புண்பட்டதென்று புகார் செய்ததும் 2024 ஜனவரி இரண்டாவது வாரத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. படத்தின் குணதோஷத்தைப் பற்றி இங்கே நாம் பேச வரவில்லை. புகார் செய்தவர்களுக்கும் புகார் செய்ய உரிமை உண்டு. ஆனால் எந்த நியாயஸ்தலமும் அதைத் தடை செய்யவில்லை. சர்க்கார் அளித்த சான்றிதழும் ரத்தாகவில்லை. கம்பெனிகள் தமக்குள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டன, அத்தோடு சரி. பிற்பாடு அப்படம் வேறு மேடைகளில் தலைகாட்டியது. இடைப்பட்ட காலத்தில், படம் நல்லதா கெட்டதா என்று தானே பார்த்து முடிவு செய்ய விரும்பிய பிரஜைக்கு நேர்மையான வழி ஒன்றுமில்லை. அவன் கையில் தட்டு இருந்திருக்குமானால் யாருடைய தயவும் அவனுக்கு வேண்டியதில்லை.

இதே நாட்டில் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு தமிழ்ப் படத்தைத் தடை செய்ததை நினைத்துப் பார்க்கிறோம். கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி' 1939-இல் வெளியாகி ஜனங்களின் அபிமானத்தைப் பெற்றது. 1940-இல் தடை விதித்தார்கள். அது யதேச்சாதிகாரந்தான். ஆனால் யதேச்சாதிகாரிக்கும் அன்று ஓர் உத்தரவு எழுதவேண்டியிருந்தது. அதன்கீழ்க் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்தைக் காட்டி அவரைக் கண்டிக்க முடிந்தது. இன்றைக்குப் படம் மறைந்தால் கையெழுத்தும் இல்லை, உத்தரவும் இல்லை. நேற்றிருந்த பட்டியலில் இன்று இல்லை, அவ்வளவே. 'தியாக பூமி'யின் பிரதி ஒன்று எப்படியோ பிழைத்துப் புனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்தபடியால், தடை விதித்தவர்கள் கப்பலேறிப் போன பிறகும் படம் இருக்கிறது.

எல்லாப் படங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அதில் நடித்த டி.பி. ராஜலக்ஷ்மியின் பெயரை நாம் அறிவோம். படத்தை இன்று ஒருவரும் பார்க்க முடியாது. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் 'கீசக வத'மும் அவ்வாறே போயிற்று. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பிடிப்பது, கெட்டுப்போவது என்பது ஒரு காரணம். பிரதிகள் சில பேர் கையில் மாத்திரமே இருந்தன என்பது மற்றொன்று. அந்தச் சிலர் அலட்சியம் செய்தால் தீர்ந்தது கதை. இதற்கு நேர்மாறாக எஸ்.ஜி. கிட்டப்பாவைப் பாருங்கள். அவர் 1933-இல், முப்பது வயது நிரம்புமுன்பே காலமானார். அவர் குரலை இன்றும் நாம் கேட்கிறோம். எப்படி? கிராமபோன் பிளேட்டுகளை ஊர் ஊராக ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கம்பெனி வைத்திராவிட்டாலும் காரைக்குடியில் ஒருவர் வைத்திருப்பார். அவர் உடைத்துவிட்டாலும் கும்பகோணத்தில் ஒருவரிடம் இருக்கும். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் சங்க நூல்களைத் தேடி வீடு வீடாக ஏறியிறங்கியதும், ஏட்டுச்சுவடிகள் பல வீடுகளில் இருந்ததால்தானே பலித்தது? எல்லாச் சுவடிகளும் ஒரே ஜமீன்தாருடைய அரண்மனையில் இருந்து, படிப்பதற்கு மாத்திரம் மாதக் கட்டணம் வாங்கியிருந்தால், அரண்மனையில் ஒரு நாள் நெருப்புப் பிடித்ததும் தமிழனுக்குச் சங்கமும் இல்லை, சிந்தாமணியும் இல்லை.

இனித் தட்டின் குறைகளைப் பேசுவோம். தட்டு அழியாத வஸ்துவல்ல. வார்னர் கம்பெனி 2006 முதல் சில ஆண்டுகள் செய்த டி.வி.டி.களில் பல உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போய் ஓடாமல் நின்றுவிட்டன. 2025-இல் அக்கம்பெனியே இதை ஒப்புக்கொண்டு மாற்றுத் தட்டுக் கொடுக்க முன்வந்தது. ஆகவே நம் நேயர் முந்நூறு தட்டுகளையும் ஒரு முறையாவது போட்டுப் பார்த்துவிடுவது நலம். வெயிலும் ஈரமும் படாமல் நிமிர்த்தி அடுக்கவேண்டும். கம்பெனிகளின் பேராசையும் தட்டில் இல்லாமலில்லை. உலகத்தை வட்டாரங்களாகக் கூறுபோட்டு, அமெரிக்காவில் வாங்கிய டி.வி.டி. நம் நாட்டுக் கருவியில் ஓடாதபடி பூட்டுப்போட்டவர்கள் இவர்களே. அமெரிக்கா முதல் வட்டாரம், நமது தேசம் ஐந்தாவது வட்டாரம்! 4கே தட்டில் அந்தப் பூட்டைக் கைவிட்டார்கள். தட்டை ஓட்டும் கருவி கிடைப்பதும் வரவர அரிதாகி வருகிறது. நல்ல தட்டுக்கு விலையும் அதிகம். மாதச் சந்தாவின் பல மடங்கு ஒரே படத்திற்குக் கேட்கிறார்கள்.

விலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சந்தா மலிவு என்பது மலிவாயிருக்கும் வரையில்தான். விளம்பரமே கிடையாது என்று சொல்லி நம்மை அழைத்தவர்கள் படத்தின் நடுவே விளம்பரத்தை நுழைத்தாயிற்று. அமேசான் கம்பெனி 2025 ஜூன் மாதத்தில் நம் தேசத்தில் அவ்வாறு செய்து, விளம்பரம் வேண்டாதவர்கள் வருஷத்திற்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்டலாம் என்றது. தட்டில் நேற்றில்லாத விளம்பரம் நாளைக்கு முளைப்பதில்லை. படத்தின் தெளிவிலும் பேதம் உண்டு. 4கே படம் பார்க்க நெட்பிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் விநாடிக்கு 15 மெகாபிட். 4கே தட்டோ விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்கவல்லது. இருட்டில் நடக்கும் காட்சியை இரண்டிலும் ஒரு முறை பார்த்தவர்களுக்கு நாம் வேறொன்றும் சொல்லவேண்டியதில்லை.

எல்லாப் படங்களையும் தட்டாக வாங்குங்கள் என்று நாம் உபதேசம் செய்யவில்லை. ஒரு முறை பார்த்து மறக்கும் படத்துக்குச் சந்தாவே போதும். எந்தப் படத்தைத் தம் பிள்ளைகளும் பார்க்கவேண்டுமென்று ஒருவர் எண்ணுகிறாரோ, எதை எவராவது ஒருநாள் மறைக்க விரும்பக்கூடுமென்று ஐயுறுகிறாரோ, அந்தப் படத்தை வாங்கி வைக்கட்டும். தமிழ்ப் பட முதலாளிகளுக்கும் சொல்லுவோம்: புதிய தமிழ்ப் படங்களுக்குத் தட்டு வெளிவருவது அபூர்வமாகிவிட்டது. சந்தா ஸ்தாபனத்திடம் ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். அப்படி எழுதும்போது தட்டு வெளியிடும் உரிமையையாவது தம்மிடம் நிறுத்திக்கொள்ளலாகாதா? நெட்பிளிக்ஸிற்கென்றே வந்த 'ரோமா', 'தி ஐரிஷ்மேன்' ஆகிய படங்களையே கிரைட்டீரியன் கம்பெனி 2020-இல் தட்டாக வெளியிட்டதே! ஆயிரம் பிரதி போட்டாலும் அந்த ஆயிரம் வீடுகளில் படம் பிழைத்திருக்கும்.

சர்க்காருக்கு இரண்டு யோசனைகள். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட மத்திய அதிகார சபை, இணையக் கடைகளின் தந்திரங்களைப் பற்றி 2023 நவம்பரில் விதிகள் வெளியிட்டது. அனுமதியை விற்றுக்கொண்டு 'வாங்குக' என்று எழுதுவதையும் அத்தந்திரங்களில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டங்கூட வேண்டியதில்லை; பேனாவை எடுத்தால் போதும். மற்றது நூல்நிலையங்களைப் பற்றியது. சுதந்திரம் பெற்ற தேசத்தில் முதன்முதல் பொது நூலகச் சட்டம் செய்தது சென்னை மாகாணம், 1948-இல். வெளியாகும் புத்தகங்களின் பிரதி கன்னிமாரா நூல்நிலையத்திற்கு வந்து சேரவேண்டுமென்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. தமிழ்ப் படத்தட்டுகளையும் அவ்விதமே சேகரித்து, வாசகர்க்கு இரவல் கொடுக்கும் ஏற்பாட்டைக் கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூலகத்திலும் தொடங்குவதற்குத் தடை என்ன? மேலே சொன்ன 2012-ஆம் வருஷத்துத் திருத்தம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது; உள்ளே போகத்தான் ஆளில்லை.

சர்க்கார் யோசித்து முடிக்கும்வரை நாம் காத்திருக்கப்போவதில்லை. நமது காரியாலய வாசகசாலையில் ஓர் அலமாரியைக் காலிசெய்து வைத்திருக்கிறோம். வீட்டில் இடமில்லாதவர்கள் தங்கள் தட்டுகளை எடைக்குப் போடாமல், உறையின்மீது பெயரை எழுதி நமக்கு அனுப்பலாம். அசல் தட்டுகளை மாத்திரமே ஏற்போம். பர்மா பஜார்ச் சரக்குத் திருப்பியனுப்பப்படும். வாசகசாலை அங்கத்தினர்கள் ஒரு வாரத்திற்கு இரவல் பெறலாம், கட்டணமில்லை. திருச்சி நேயர் தம்மிடம் இரண்டு பிரதி உள்ள படங்களில் ஒன்றைக் கொடுத்துதவினால், மற்றதை அவர் குமாரர் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்பதற்கும் தனிக்கடிதத்தில் ஆலோசனை சொல்லுவோம். இயங்கும் நிலையிலுள்ள ப்ளூ-ரே கருவி உபரியாக வைத்திருக்கும் அன்பர் எவரேனும் இருந்தால் அவசியம் தெரிவிக்கவும். நம்மிடம் உள்ளது சில நாட்களாகத் தட்டை விழுங்கிவிட்டு வெளியே தள்ள மறுக்கிறது.